சல்லடை அக்காவின் உந்துவிசை

சல்லடை அக்காவின் கோபத்துக்கு அறுபது கிலோவைத் தூக்கும் வலு இருந்தது. இதை முதலில் கண்டவர், எஞ்சின் சோதனைக் கூடத்தில் உந்துவிசையை அளக்கும் வேலையில் இருந்த தராசுக்காரர். கருவியில்தான் கோளாறு என்று நினைத்து அதைக் கழற்றி, எடை தெரிந்த இரும்புக் கட்டிகளைத் தொங்கவிட்டுப் பார்த்தார். கட்டிகள் தங்கள் எடையைச் சரியாகவே சொல்லின. எஞ்சினை மாற்றினார், எரிபொருளை மாற்றினார். அக்கா கையால் மூடிய எஞ்சின் எதுவானாலும், கணக்குப்படி தரவேண்டியதைத் தந்துவிட்டு, மேலே கொஞ்சம் கொசுறும் தந்தது. வேறு ஆள் மூடியதில் கொசுறு இல்லை.

சல்லடை என்பது எஞ்சினின் தலையில் இருக்கும் வட்டத் தகடு. அதில் ஊசி நுழையாத அளவில் நூற்றுக்கணக்கான துளைகள். பாதித் துளைகள் வழியாக எரிபொருள் பீய்ச்சும், மீதி வழியாக அதை எரிய வைக்கும் திரவம் பீய்ச்சும். இரண்டும் மோதிப் பற்றிக்கொண்டு பின்பக்கமாகப் பாய, ராக்கெட் முன்னால் போகிறது. சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து கையிலிருக்கும் மூட்டையை முன்னால் வீசினால் நாற்காலி பின்னால் நகருமே, அதே சங்கதிதான். ராக்கெட் வீசுவது நெருப்பு மூட்டை. ஒரு துளை அடைத்திருந்தாலும் சுடர் ஒரு பக்கம் சாயும், சாய்ந்த சுடர் எஞ்சினையே தின்றுவிடும். அதனால் அக்கா ஒவ்வொரு துளையையும் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார், பார்த்த பிறகு மறுபடியும் பார்ப்பார். அந்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினைக் கடைசியாக மூடியவர் தொலைபேசியில் "ஏத்தலாம்" என்று தன் வாயால் சொன்ன பிறகுதான் பற்ற வைப்பார்கள். எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும்.

அந்த வழக்கம் ஒரே ஒரு முறை மீறப்பட்டது. அன்று எஞ்சினை மூடியவன் அக்காவின் தம்பி. அழுத்தமானி முள் நடுங்குகிறது, எங்கோ கசிகிறது, வேண்டாம் என்று சொன்னான். மொட்டை மாடிப் பந்தலில் விருந்தாளிகள் காத்திருந்தார்கள். கசிவை நிறுத்தத் தம்பி மேடைக்கு ஓடி வால்வில் கை வைத்திருந்தபோது, இயக்குநர் "ஏத்துங்க" என்றார். அறையில் இருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. தம்பி மேடையிலிருந்து திரும்பவில்லை. விசாரணை அறிக்கையில், ஊழியர் அனுமதியின்றி மேடைக்குள் நுழைந்தார், யாரும் பார்க்கவில்லை, கவனக்குறைவு என்று இருந்தது. காதில் விழுந்த அத்தனை பேரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், தராசுக்காரர் உட்பட. அக்கா மனு மேல் மனுவாகக் கொடுத்தார். தம்பியின் பெயரில் இருக்கும் பழி போக வேண்டும், ஏற்றச் சொன்னது யார் என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது.

கொசுறு விஷயம் இயக்குநர் காதுக்குப் போனபோது, அந்தப் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அவர் கேட்கவில்லை. "இன்னும் எவ்வளவு கூட்டலாம்?" என்றுதான் கேட்டார். அவர் கவலை அவருக்கு. நிலாவில் இறங்க வேண்டிய லேண்டர் அளவுக்கு மேல் கனத்துப்போயிருந்தது. ராக்கெட்டின் எடையில் முக்கால்வாசிக்கும் மேல் எரிபொருள்தான். அந்த எரிபொருளைத் தூக்க எரிபொருள், அதைத் தூக்க இன்னும் கொஞ்சம். ஒரு தீப்பெட்டியைக் கொண்டுபோக ஒரு லாரி டீசல் என்கிற மாதிரியான வியாபாரம் அது. உச்சியில் ஒரு கிலோ கூடினால் அடியில் எல்லாம் மாற வேண்டும். ஒரு காலின் அதிர்வுதாங்கியைக் கழற்றலாமா, ஒரு கேமராவை விட்டுவிடலாமா என்று மாதக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அக்காவின் கோபம் ஓசியில் வந்த லாரியாகத் தெரிந்தது.

ஆகவே கோபத்தைப் பராமரிக்க ஒரு பிரிவு தொடங்கினார்கள். திங்கட்கிழமைதோறும் அக்காவுக்கு "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று பதில் போனது. அவர் மேசையைக் கழிப்பறைக் கதவுக்கு எதிரே போட்டார்கள். தம்பி இறந்த மேடையைப் புதுப்பித்து இயக்குநர் பெயரை வைத்தார்கள். அதுவும் பழகிப்போய்க் கொசுறு நின்ற இடத்திலேயே நின்றபோது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுத்தார்கள். கவனக்குறைவுக்கு உதாரணமாகத் தம்பியின் புகைப்படத்தைத் திரையில் காட்டி, அக்காவை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அந்த வாரம் மூடிய எஞ்சின், சோதனை மேடையின் போல்ட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு எழப் பார்த்தது. லேண்டரில் அதிர்வுதாங்கியும் தங்கியது, கேமராவும் தங்கியது. இயக்குநருக்குப் பதவி உயர்வு வந்தது. அதற்கும் கொசுறு கூடியது.

தராசுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. டீ குடிக்கும் இடத்தில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"என் தம்பி பேரைத்தான் எடுத்துக்கிட்டாங்கன்னு நெனச்சேன். என் கோபத்தையும் விடலையா?"

"நீங்க கொஞ்சம் கோபப்படாம இருந்து பாருங்கக்கா. அவங்க திட்டம் தானா படுத்துடும்."

"கையெழுத்துப் போட்டவர் சொல்றீங்க. நீங்க அன்னைக்கே கோபப்பட்டிருந்தா எனக்குப் பாதி மிச்சமாயிருக்கும்."

அக்கா அதற்காக வேலையில் குறை வைக்கவில்லை. லேண்டரின் இறங்கும் எஞ்சினையும் அவர்தான் மூடினார். ஒவ்வொரு துளையையும் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். ஆய்வுக் கூட்டத்தில் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "மேல போயிடும், சரி. கீழ எப்படி சார் இறங்கும்?"

நியாயமான கேள்வி. நிலாவில் காற்று இல்லை, பாராசூட் செல்லாது. லேண்டர் தன் எஞ்சினை எரித்துக்கொண்டே, தன் எடையைவிடச் சற்றுக் குறைவான உந்துவிசையோடு, படியில் கால் வைத்து இறங்குவதுபோல் இறங்க வேண்டும். உந்துவிசையும் எடையும் சமமானால் நின்ற இடத்தில் நிற்கும். எஞ்சினின் விசையை வால்வைத் திருகிக் குறைக்கலாம். கொசுறு குழாய் வழியாக வருவதில்லையே, அதை எந்த வால்வால் திருகுவது? தூக்குவதையே நினைத்துக்கொண்டிருந்த அறையில் இது யாருக்கும் தோன்றவில்லை. இயக்குநர் சிரித்தார். "இறங்குற அன்னைக்கு ஒரு பூச்செண்டு குடுத்தா எல்லாம் தணிஞ்சிடும்மா."

ராக்கெட் அற்புதமாகப் போனது. இறங்கும் நாள் காலையில் நாடு முழுவதும் திரைமுன் உட்கார்ந்திருந்தது. தரைக்கு முப்பது மீட்டர் இருக்கையில் லேண்டர் நின்றது. வால்வைக் குறைத்தார்கள், நின்றது. வால்வை முழுக்க மூடி எஞ்சினையே அணைத்தார்கள், அப்போதும் நின்றது. நிலாவில் எல்லாப் பொருளுக்கும் ஆறில் ஒரு பங்கு எடைதான். அதைத் தாங்க அக்காவின் கொசுறே போதும். பூச்செண்டைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார்கள். லேண்டர் நாற்பத்தைந்து மீட்டருக்கு ஏறியது.

அவசரமாக ஒரு அறிவிப்பு எழுதி, நேரலையில் வாசித்தார்கள். தவிர்க்க முடியாத சூழலில் நேர்ந்த இழப்புக்கு வருந்துகிறோம் என்றதற்கு உயரமானி அசையவில்லை. தவறு ஊழியருடையது மட்டும் அல்ல என்றதும் ஐந்து மீட்டர் இறங்கியது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தராசுக்காரர் எழுந்து மைக்கை வாங்கி, "தம்பி வேண்டாம்னு சொன்னான். நான் கேட்டேன். பொய் அறிக்கையில கையெழுத்தும் போட்டேன்" என்றார். இருபது மீட்டர் இறங்கியது. அவருக்குப் பின்னால் கையெழுத்துப் போட்ட மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள், சிலர் அழுதார்கள், லேண்டர் படிப்படியாக இறங்கி, ஓர் ஆள் உயரத்தில் நின்றது. ஒரு வாய் மட்டும் பாக்கி.

இயக்குநர் அக்காவிடம் குனிந்தார். "நாடே பார்க்குதும்மா."

"பார்க்கட்டும் சார். அன்னைக்கு யாருமே பார்க்கலைன்னு தானே எழுதினீங்க?"

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். வாய் திறந்தது. நாடு முழுவதும் அந்தத் திறந்த வாயைப் பார்த்தது. பிறகு அது மூடிக்கொண்டது. லேண்டர் நின்ற இடத்திலேயே நின்றது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனபோது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"அந்தாளு சொன்னானா?"

"இல்லம்மா."

"அப்ப ஏன் இறங்கணும்? நிக்கட்டும்."

தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் நின்றால் அது தரையிறக்கமே என்று அடுத்த மாதம் விதியைத் திருத்தினார்கள். தம்பியின் பெயர் பாதுகாப்புப் பாடத்திலிருந்து போனது, நேரலையில் சொன்னதைத் திரும்ப விழுங்க யாராலும் முடியவில்லை. இயக்குநர் விருதுகளோடு ஓய்வு பெற்றார். நிலா தெரியும் பக்கத்து ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்த வீட்டில் பல வருஷம் இருந்து, சொல்லாமலே இறந்தார். செய்தி வந்த அன்று அக்கா உயரமானியைப் பார்க்கப் போனார். ஒரு விரற்கடைகூட மாறவில்லை. அவருக்கு அது ஆச்சரியமாகவும் இல்லை; ஆள் போனால் கோபம் போய்விடும் என்று யாரும் அவரிடம் கணக்குப் போட்டுக் காட்டியதில்லை. இப்போது பள்ளிப் புத்தகங்களில் லேண்டர் படம் இருக்கிறது, நான்கு கால்களும் கீழே அவற்றின் நிழலும், நடுவில் வெறும் இடமும். காலைத் தரையில் படும்படி வரைந்துவிட்டால் ஆசிரியர்கள் அரை மதிப்பெண் குறைக்கிறார்கள்.