பிடித்துக்கொள்ள ஒரு கம்பி

கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற ஆசிமுக்கு, மனைவி ஷாஜாதியோடு பாய்மரப் படகில் மாலத்தீவு வரை போய்வர ஆசை. கோவில்பட்டியை விட்டு அதிகம் நகர்ந்திராத ஷாஜாதி, "நானும் பார்த்துத்தான் சரின்னு சொல்லுவேன்" என்று படகு பார்க்கக் கொச்சிக்குக் கூடவே கிளம்பிவிட்டாள்.

அங்கே இரண்டு பழைய படகுகள் விற்பனைக்கு நின்றன. முதலாவது வெள்ளை வெளேரென்று மின்னியது. உள்ளே இறங்கிப் பார்த்தால் கல்யாண மண்டபம் மாதிரி அகலம். ஆசிம் சொக்கிப் போனார். அந்த நேரம் பக்கத்தில் ஒரு பயணிகள் படகு விரைந்து போக, அலை வந்து மோதியது. ஷாஜாதி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சறுக்கி மெத்தையில் தொப்பென்று விழுந்தாள்.

"எட்டயபுரம் பஸ்ல கூடப் புடிக்கக் கம்பி இருக்கு. இங்கன எதைப் புடிக்க?" என்று கேட்டுவிட்டு, விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தாள்.

"நீ சொல்லுதது சரிதான். ஆழக்கடல்ல அகலம் ஆகாது. தெரிஞ்சும் மயங்கிட்டேன்" என்றார் ஆசிம்.

இரண்டாவது படகு நிறம் மங்கி, உள்ளே குறுகலாக இருந்தது. ஆனால் கை நீட்டிய இடமெல்லாம் பிடி இருந்தது. உள்ளுக்குள் எங்காவது பழுதிருக்கிறதா என்று ஆசிம் வெளிப்புறம் முழுக்கச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். எங்கே தட்டினாலும் சத்தம் கெட்டியாகக் கேட்டது.

மறுநாள் காலையில் கடலுக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். பாய் காற்று வாங்கியதும் படகு ஒருபக்கம் சாய்ந்து சீறிக்கொண்டு போனது. பயந்துவிட்டாளோ என்று ஆசிம் திரும்பிப் பார்த்தார். ஷாஜாதியின் முகமெல்லாம் உப்புத் தண்ணீர், சிரிப்பு.

"ஏங்க, திருப்பிராதீக! இன்னும் கொஞ்ச தூரம் போவோம்!"