ஹார்லன் கொடுத்த சோளம்

கணப்பு மறுபடி அணைந்தபோது ஹார்லன், கல்லறைக்குப் போட்டுப்போன கறுப்புக் கோட்டோடு அதன் முன் மண்டியிட்டிருந்தார். தம்பியின் சவப்பெட்டி முன்னால்கூட அவர் இவ்வளவு பணிவு காட்டவில்லை.

"அடுப்புக் கதவை யாரோ சரியாச் சாத்தல. காத்து கசிஞ்சா நின்னுடும். உசந்த சாமான் இது, நாமதான் ஒழுங்கா வச்சுக்கணும்."

"நீங்கதான் சாத்துனீங்க, ஹார்லன்," என்றாள் ஆர்டிஸ்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் விதவையானாள். இன்று கணவர் வெர்னைப் புதைத்துவிட்டு ஊரே அவள் கூடத்தில் நின்றது. ஒருவரும் மேல்கோட்டைக் கழற்றவில்லை. கையுறையோடு காகிதத் தட்டைப் பிடித்து, பன்றிக்கறி ரொட்டியைக் கடித்தார்கள். பேசும்போது குளிரில் வாயிலிருந்து புகை வந்தது.

அயோவாவின் இந்தப் பகுதியில் சாவுச் சாப்பாடு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்தான். அங்கே இருக்கும் சூட்டில் வெண்ணெய் தானாக உருகும். வீட்டில் வைக்கிறேன் என்று ஆர்டிஸ் சொன்னபோது, சமையல் பெண்களின் தலைவி லவான் தன் காதையே நம்பவில்லை.

"வெர்னுக்கு வீடுதான் பிடிக்கும்," என்றாள் ஆர்டிஸ். பொய். வெர்னுக்குச் சூடான இடம் எதுவாயிருந்தாலும் பிடிக்கும். கட்டிலருகே இருந்த சின்ன மின் கணப்பை, யாரும் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிடாதபடி, காலையிலேயே கார் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

இந்த வீட்டில் முன்பு காஸ் கணப்பு இருந்தது. "காஸ்காரனுக்கு ஏண்டா அழுவுற? என் சோளம் இருக்கு," என்று தம்பியிடம் சொல்லி, அதைக் கழற்றிவிட்டுச் சோள மணியை எரிக்கும் இந்தக் கணப்பை மாட்ட வைத்தவர் ஹார்லன். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு வண்டி மக்காச்சோளம் இலவசமாக வரும். அடுத்த ஞாயிறு, அது வந்த செய்தி அவர் வாயாலேயே தேவாலயம் முழுக்கப் போகும்.

இந்த வருடம் அறுவடையில் மழை. சோளம் கொஞ்ச நேரம் எரியும், களியாகி இறுகும், புகைக்குழாய் அடைக்கும், கணப்பு கத்திவிட்டு நின்றுவிடும். வெர்ன் காது மூடிய குல்லாயோடு கட்டிலில் இருமுவார்.

"இது ஈரச் சோளம். கடையில காஞ்சது மூட்டையா விக்கிறான், வாங்கிட்டு வரேன்," என்று கெஞ்சினாள்.

"வேணாம் ஆர்டிஸ். அந்த மூட்டையை உன் வண்டில யாராச்சும் பாத்தா அண்ணன் தலை குனிஞ்சிடும்."

ஹார்லனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். "குழாயைத் தட்டி விடு. பொம்பளை சாம்பல் அள்ளாம இருந்தா அடுப்பு என்ன பண்ணும்?"

அவள் இறுகிய கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது வெர்ன் போனார். நுரையீரல்தான் காரணம், குளிர் அல்ல என்றார் மருத்துவர். அவள் மறுக்கவில்லை. குளிரில் வாழ்ந்தார் என்பதற்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை.

இன்று தேவாலயத்தில் ஹார்லன் குரல் தழுதழுக்கப் பேசினார்: "கடைசி மூச்சு வரைக்கும் என் தம்பி என் சோளத்தோட கதகதப்புல இருந்தான்." பாதிரியார் கண்ணைத் துடைத்தார்.

இப்போது கூடத்தில் கணப்பு மறுபடி கத்தியது. அணைந்தது.

ஹார்லன் மூடியைத் திறந்து மூடினார். விசிறியைத் தட்டினார். குழாயைக் கழற்றியதும் கரி அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. முதலில் காற்று குற்றவாளி, பிறகு மின்சாரம், பிறகு அந்த உசந்த சாமானைச் செய்த கம்பெனிக்காரன்.

ஆர்டிஸ் கணப்பின் சோளத் தொட்டியில் கைவிட்டு ஒரு பிடி சோளம் அள்ளி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கூட்டுறவுக்கு லாரி வந்தா மீட்டரே வேணாம், கடிச்சே ஈரம் சொல்லுவீங்களே. இதையும் சொல்லுங்க."

ஹார்லன் தானியக் கூட்டுறவின் தலைவர். அந்தக் கூடத்தில் அவருடைய பல்லால் ஒரு லாரியாவது திரும்பிப்போகாத விவசாயி இல்லை.

"இப்ப எதுக்கும்மா..."

"கடிங்க."

செல்மர் கிழவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "காஞ்ச மணின்னா உடையற சத்தம் இங்க வரைக்கும் கேக்கும்."

ஹார்லன் கடித்தார். கூடமே காது கொடுத்தது.

"எனக்குக் கேக்கல," என்றார் செல்மர். "காது மந்தம். இன்னொண்ணு கடி."

இன்னொன்றும் சத்தமில்லாமல் நசுங்கியது. பாதிரியார் தட்டிலிருந்த ஊறிய வெள்ளரியை ஆராய்ந்தார்.

"வெர்ன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாத்திக் கொடுத்திருப்பேனே," என்றார் ஹார்லன், மென்ற மாவைக் கன்னத்துக்குள் அடக்கியபடி.

"அவர் கேக்க மாட்டாருன்னு உங்களுக்குத் தெரியும்."

அவரால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வாய் துடைக்கும் காகிதங்கள் ஆர்டிஸின் முழங்கையருகே அடுக்கியிருந்தன. அவள் நகரவில்லை. அவளைத் தாண்டிக் கை நீட்ட யாரும் துணியவில்லை.

லவான் மெதுவாக அருகில் வந்தாள். "செவ்வாய்க்கிழமையிலிருந்து நீ ஒண்ணுமே சாப்பிடலையாமே."

ஆர்டிஸ் ஒரு தட்டை எடுத்தாள். குளிரில் கல்லாகியிருந்த வெண்ணெயை வெட்டி ரொட்டிமேல் வைத்தாள். பன்றிக்கறி, உருளைக்கிழங்கு சாலட். நின்றபடியே, நிதானமாக, எல்லாவற்றையும் சாப்பிட்டாள். பிறகு சாலட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.