கலண்டரில் போயா இல்லை

...சிவப்புத்தான், சத்தியமாகச் சிவப்புத்தான் வெட்டினேன், இந்த ஐறீன் அக்கா என்னடாவென்றால் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து துணியை மேசையில் எறிந்துவிட்டு, "தம்பி, நான் கேட்டது சிவப்பு, நீர் பச்சையெல்லே வெட்டித் தந்திருக்கிறீர், கண் என்ன பிடரியிலேயோ?" என்கிறா, கடையே திரும்பிப் பார்க்கிறது, வெள்ளவத்தையில் ஆறு வருஷம் சாறிக்குச் சட்டைத்துணி பொருத்திக் கொடுத்தவன் நான், எனக்கா... ஆனால் இரண்டும் ஒரே மண்நிறமாகத்தானே கிடக்கின்றன, ஜெனரேட்டர் வெளிச்சம் போதாதோ, நித்திரைக் குறைவோ, முதலாளியின் தலைக்கு மேலே கலண்டர், அதில் போயா எங்கே? பௌர்ணமி லீவென்று சிவப்பில் அல்லவா போட்டிருக்கும்?

கலண்டர்... ஐயோ. மருதானைக் கிளினிக்கில் சயரோகத்துக்குக் குளிசை தந்த மிஸ், இரண்டு மாதத்துக்கு முன், குளிசையைத் தூக்கிக் காட்டினா, தன் கண்ணைத் தொட்டா, சுவர்க் கலண்டரின் சிவப்புப் போயாவில் விரலை வைத்துச் சிங்களத்தில் என்னென்னவோ சொன்னா, வாசலைக் காட்டி, உடனே வா என்பதுபோல் கையசைத்தா... போயாவில் கிளினிக் பூட்டு என்கிறாவாக்கும் என்று நினைத்தேனே! "ஹரி மிஸ், ஹரி." சரி சரியென்று தலையாட்ட எனக்குத் தெரிந்த ஒரே சிங்களம், பொலிஸ் பதிவிலும் ஹரி, சோதனைச் சாவடியிலும் ஹரி, விளங்கவில்லை என்றால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்து ஜீப் வரும்... விசரா, போயாவுக்குக் கண் எதற்கு? இந்தக் குளிசையால் சிவப்புத் தெரியாமல் போனால் உடனே ஓடி வா என்றல்லவா சொல்லியிருக்கிறா! இன்று காலையும் அதே குளிசையைத்தானே விழுங்கினாய்? குருடாகிவிடுவேனா? இன்றைக்கே போனால் நிறம் திரும்புமா? நாலு மணிக்குக் கிளினிக் பூட்டு, இப்போது இரண்டேமுக்கால், முதலாளியிடம் கேட்க வேண்டும், ஏன் என்பார், சயரோகம் என்றால் நாளைக்கு வேலை இல்லை, பயமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லு, வாயைத் திற, நாகேந்திரம் முதலாளி என்ன சிங்களமா, எங்கள் ஊர்க்காரர்தானே...

"சண்முகலிங்கம், அக்காவுக்கு வேற துணி வெட்டிக் குடுத்திட்டு, புது மூட்டையை நிறம் நிறமாப் பிரிச்சு அடுக்கும். விளங்குதே?"

"ஓம் முதலாளி."

தமிழில்தான் கேட்டார், ஒவ்வொரு சொல்லும் விளங்கியது, அதற்குள் தலை ஆடிவிட்டது... அப்படியென்றால், அந்த மிஸ் தமிழிலேயே சொல்லியிருந்தாலும் நான்...