மீசையும் அட்டைப்படமும்

எங்கள் முதலாளிக்கு இரண்டு சொத்து. ஒன்று, அவர் உருவாக்கிய கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலை. இன்னொன்று, அவருடைய மீசை. எதன் மேல் பாசம் அதிகம் என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு வேலை வேண்டும்.

கம்பெனி பங்குச்சந்தைக்கு வரப்போகிறது. முதலீட்டாளர்களுக்கு எங்களை அறிமுகப்படுத்தும் புத்தகத்தை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என்ன செய்கிறோம், யாருக்கு விற்கிறோம், எங்கே இடறி விழலாம் என்று எல்லாம் எழுதி முடித்துவிட்டேன். அட்டைப்படம்தான் பாக்கி. ஏழரை அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

முதலாளிக்கு அட்டையில் தன் முகம் வேண்டும். என் மனைவிக்கும் அட்டையில் இடம் வேண்டும். அவள் அதே தொழிற்சாலையில், சிப் உருவாகும் க்ளீன் ரூமில் ஷிப்ட் பொறுப்பாளர். என் மாமியாரைப் பொறுத்தவரை, மகள் தினமும் உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு எதையோ துடைக்கப் போகிறாள். “இன்ஜினியருக்குப் படிக்க வச்சேன், முக்காடு போட்டுக்கிட்டு நிக்கிறா” என்று போனில் புலம்புவார். அவர் அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வருகிறார்.

“அட்டையில நான் இருக்கணும். எங்கம்மா பார்த்துட்டு வாயை மூடணும்” என்றாள் மனைவி.

“முகமூடிக்குள்ள இருக்கிறது நீன்னு யாருக்குத் தெரியும்?”

“எங்கம்மாவுக்குத் தெரியும்.”

முதலாளியே வழி சொன்னார். க்ளீன் ரூமுக்குள் நின்று படம் எடுத்துக்கொள்கிறாராம். பக்கத்தில் என் மனைவியையும் நிறுத்திவிடலாம், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நானும் துள்ளினேன்.

அந்த அறைக்குள் ஒரு முடி விழுந்தால் போதும், பளபளக்கிற வட்டத் தகடுகளில் உருவாகிக்கொண்டிருக்கும் சிப்களுக்குச் சங்குதான். அதனால் உள்ளே போகிறவர்கள் கண்ணைத் தவிர எல்லாவற்றையும் மூடியாக வேண்டும். நானும் புகைப்படக்காரரும் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றோம். உள்ளே பேசுவது ஒலிபெருக்கியில் கேட்டது. முதலாளி உடுப்பு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டார். முகமூடியை மட்டும் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு கதவருகே போனார். கதவில் என் மனைவி நின்றாள்.

“மீசையை மூடிட்டு வாங்க சார்.”

“ஒரே ஒரு போட்டோம்மா. ஒரு நிமிஷம்.”

“உள்ள ரெண்டு மாசமா செஞ்ச வேலை இருக்கு சார்.”

“நான் யாருன்னு தெரியுதா?”

“நல்லாத் தெரியுது சார். அதான் பிரச்சினை. ஒழுங்கா மூடியிருந்தா தெரிஞ்சிருக்காது.”

சொல்லிவிட்டு உள்ளங்கையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். அவள் வேலையும் போச்சு, கூடவே என் வேலையும் போச்சு என்று நினைத்தேன். பக்கத்தில் புகைப்படக்காரர் பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார், பாவி.

“இந்த ரூல் யாரு போட்டது?” என்றார் முதலாளி.

“நீங்கதான் சார். கதவுல உங்க கையெழுத்தோட ஒட்டியிருக்கு.”

அவர் கதவைப் பார்த்தார். பிறகு முகமூடியை மேலே இழுத்துவிட்டு நல்ல பிள்ளையாக உள்ளே போனார்.

உள்ளே எடுத்த படங்கள் எதற்கும் உதவவில்லை. எல்லாவற்றிலும் இரண்டு வெள்ளை மூட்டைகள் நின்றன. மாலையில் முதலாளி என் மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஒரு படத்தில் நின்றுவிட்டார். ஒரு பக்கம் மீசையோடு அவர் விழித்துக்கொண்டு நிற்கிறார். எதிரே வெள்ளை உடுப்பில் ஓர் உருவம் கையை நீட்டி மறிக்கிறது.

“இதைப் போடுப்பா.”

“சார், இதுல நீங்க கொஞ்சம்...”

“அசடு வழியறேன், தெரியுது. ஒரு கம்பெனியில என் பணத்தைப் போடணும்னா, முதலாளியையே வாசல்ல நிறுத்துற ஆள் அங்க இருக்காங்களான்னுதான் நான் பார்ப்பேன். மீசை நல்லா விழுந்திருக்கு. அது போதும்.”

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மனைவி ஜெயித்ததற்கு ஒரு கணவன் இவ்வளவு சந்தோஷப்படக் கூடாது. அப்புறம் வீட்டில் தாங்க முடியாது.

மாமியார் வந்ததும் புத்தகத்தை அவர் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் கண்ணாடியை மாட்டினார்.

“இந்த மீசைக்காரர் யாரு மாப்பிள்ளை?”

“எங்க முதலாளி, அத்தை.”

அவர் விரல் மெதுவாக நகர்ந்து அந்தக் கையுறை போட்ட உள்ளங்கையில் நின்றது.

“இது நம்ம பொண்ணு.”

“எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க?”

“சின்ன வயசுல சோறு ஊட்டப் போனா, போதும்னு இந்தக் கையைத்தான் காட்டுவா. அதுக்கு மேல ஒரு பருக்கை நான் உள்ள தள்ளினதில்ல. என்னாலயே முடியல, இவர் எம்மாத்திரம்?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “பத்து புத்தகம் குடுங்க மாப்பிள்ளை. யார் யார் வீட்டுக்குப் போகணும்னு எனக்குத் தெரியும்.”