மகள் என்று எழுதிய இடம்

ஏழு வருடம் ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தவளிடம் யாரும் பொறுமையைப் பற்றிப் பேசக் கூடாது. எங்கள் தலைமையாசிரியர் ஒருமுறை பேசினார். "சார், நீங்க இந்த ஊர்லயே பொறந்தவரு. உங்களுக்குப் பொறுமை சும்மாவே வரும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

விண்ட்ஹுக் நகரத்தில், கட்டுத்துராப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். பதினைந்து வருடமாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பின்னமும் தசமமும் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் உட்கார்ந்து, இந்த ஜிம்பாப்வேக்காரி இன்னும் நமக்குத் தேவையா என்று யோசித்து, என் வேலை பெர்மிட்டை நீட்டிப்பார். அந்தத் தொல்லை ஒழியத்தான் பி.ஆருக்கு விண்ணப்பம் போட்டேன். நிரந்தரமாகத் தங்குகிற அந்த அனுமதி கிடைத்துவிட்டால் என்னை யாரும் கிளம்பு என்று சொல்ல முடியாது. ஷமிசோவையும் சொல்ல முடியாது.

ஷமிசோ என் மகள். பெற்றவள் என் அக்கா எஸ்நாத். காலரா வந்த வருடம் ஹராரேயில் இரண்டே நாளில் அக்கா போய்ச் சேர்ந்தாள். அவள் புருஷன் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தான். பிள்ளைக்கு நாலு வயது. அடக்கம் முடிந்த மறுநாள் யாரும் கூடிப் பேசவில்லை, யாரும் என்னிடம் சம்மதம் கேட்கவில்லை. பிள்ளையின் துணிமூட்டையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான். எங்களில் அம்மாவின் தங்கையும் அம்மாதான். ஒருத்தி நாலு பேர் முன்னால் "இது என் அக்கா பிள்ளை" என்று பிரித்துச் சொன்னால், அந்தப் பிள்ளைக்குச் சோறு போட அவளுக்கு மனசில்லை என்று அர்த்தம். தத்துக் காகிதம் என்ற ஒன்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. சொந்தப் பிள்ளையை யாராவது தத்தெடுப்பார்களா?

முதுகில் கட்டிக்கொண்டு நாலு பஸ் மாறி இந்த ஊருக்கு வந்தேன். எல்லையில் சீருடைக்காரன் "யார் பிள்ளை?" என்றான். "என் பிள்ளை" என்றேன். இங்கே பாதிப் பேருக்கு என் பெயரே தெரியாது. மாய் ஷமிசோ, ஷமிசோவின் அம்மா, என்றால்தான் தெரியும். பி.ஆர். படிவத்தில் பிள்ளைகள் என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினேன். பேனா தயங்கவே இல்லை. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பள்ளியில் அரைநாள் அனுமதி வாங்கிக்கொண்டு போய் அந்த ஜன்னலில் நிற்பேன். "பரிசீலனையில இருக்கு" என்பார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆள் மாறும், கண்ணாடி மாறும், ஒருமுறை கட்டடமே மாறியது. பதில் மட்டும் மாறவில்லை. வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே மேமே சைமா நிற்பாள். நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரி, இந்த ஊர் ஓவம்போ இனத்துக்காரி, வாய் சும்மா இருக்காது. மேமே என்றால் அவர்கள் பேச்சில் அம்மா.

"என்ன டீச்சர், உன் மாப்பிள்ளை இன்னிக்காவது முகம் காட்டினாரா?"

"இல்ல மேமே. வெட்கப்படுறாரு."

"ஏழு வருஷமா வெட்கப்படுற மாப்பிள்ளைய வெச்சுக்கிட்டு என்னடி பண்ணப் போறே? வேற ஆளைப் பாரு."

ஷமிசோ உள்ளேயிருந்து சத்தமாகச் சிரிப்பாள். "அம்மாவுக்கு அந்த ஆளைத்தான் புடிச்சிருக்கு மேமே, விடுங்க" என்பாள். கடைசி மாதம் வரைக்கும் அப்படித்தான் சிரித்தாள். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

போன வருடக் கடைசியில் அவள் பள்ளிப் படிப்பை முடித்தாள். நல்ல மார்க். மருந்தியல் படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வெளிநாட்டுப் பிள்ளைக்கு அந்தப் படிப்பில் இடம் குதிரைக் கொம்பு என்று எனக்கும் தெரியும். எங்கள் பி.ஆர். வந்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஜனவரியில் ஏதோ ஒரு லேப் உதவியாளர் வகுப்பில் சேர்ந்தாள். பிப்ரவரியில் ஒரு நாள், நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, எஸ்நாத் அம்மாவோட டெத் சர்ட்டிபிகேட் வேணும். அப்பாவோடதும்."

"எதுக்கு?"

"ஸ்காலர்ஷிப்புக்கு. அநாதைப் பிள்ளைங்களுக்குச் சலுகை இருக்காம்."

"நீ அநாதையாடி?"

"ஃபாரத்துல அப்படித்தான்மா கேக்குறாங்க. நான் என்ன பண்ண?"

இருவரும் சிரித்தோம். பிஸ்கட் டின்னிலிருந்து இரண்டு சான்றிதழையும் எடுத்து என் கையாலேயே கொடுத்தேன். "கசக்கிடாதே, இது ஒண்ணுதான் இருக்கு" என்று ஒரு பிளாஸ்டிக் உறையையும் தேடிக் கொடுத்தேன்.

ஜூலையில், இந்த ஊர்க் குளிர்காலம் எலும்பைத் துளைக்கிற ஒரு காலை, கைபேசிக்குச் செய்தி வந்தது. முடிவு தயார், வந்து பெற்றுக்கொள்ளவும். சர்ச்சுக்குப் போடுகிற நீல உடுப்பைப் போட்டுக்கொண்டேன். "வாடி, ரெண்டு பேருமா போவோம்" என்று கூப்பிட்டேன். "லேப் இருக்கும்மா, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். என் காலர் மடங்கியிருந்ததைச் சரி செய்துவிட்டாள்.

உறையை ஜன்னல் பக்கத்திலேயே நின்று பிரித்தேன். நிராகரிக்கப்பட்டது. காரணம்: விண்ணப்பதாரர் தமக்கு உறவில்லாத ஒரு சிறுமியை மகள் என்று பொய்யாகக் காட்டியுள்ளார். நடப்பு வேலை பெர்மிட் டிசம்பரில் முடிந்த பிறகு நீட்டிக்கப்படாது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

யாரோ வேண்டாதவர்கள் மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மனதுக்குள் நாலைந்து பேரைத் திட்டிக்கூட முடித்துவிட்டேன். பிறகுதான் பின்னால் இணைத்திருந்த தாளைப் புரட்டினேன். சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம். "என் பெற்றோர் இருவரும் இறந்துவிட்டனர். மேற்படி பெண்மணி எனக்குத் தாயோ உறவினரோ அல்லர். சிறு வயது முதல் அவருடைய வீட்டில் தங்கி வீட்டு வேலைகள் செய்து வந்தேன்." கீழே ஷமிசோவின் கையெழுத்து. அந்த 'எஸ்' எழுத்தைச் சுழித்துப் போட நான்தான் சொல்லிக் கொடுத்தேன், சமையலறை மேசையில், அவளுக்கு ஆறு வயதில்.

தேதியைப் பார்த்தேன். மார்ச் பதினான்கு. எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. காய்ச்சலில் கிடந்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "லைப்ரரிக்குப் போயிட்டு வந்துடுறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். போய் இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். தாளைச் சமையலறை மேசையில் விரித்து வைத்திருந்தேன். அவள் "என்ன இது" என்று கேட்கவில்லை. "படிச்சிட்டீங்களா?" என்றாள். பையைக் கழற்றிவிட்டு, சட்சாக் களி கிண்டப் பானையை அடுப்பில் வைத்தாள்.

"லாயர் எழுதினதும்மா. நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

"மட்டும்தானா? பெரிய மனசு."

"கத்தாம கேளுங்க. எனக்குப் பதினெட்டு ஆனதும் உங்க ஃபைல்ல இருந்து என் பேரை எடுத்துட்டாங்க. வயசு வந்த பிள்ளைக்குத் தனி ஃபாரமாம். ஒண்ணரை வருஷமா எனக்குன்னு எந்தப் பேப்பரும் அங்க இல்ல. அது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. ஜன்னலில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாதாமாதம் இரண்டு பேருக்காகவும் போய் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்ச உடனே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன செய்வீங்க? பொறு, பொறுன்னு சொல்வீங்க. யாருமில்லாம இங்கயே வளர்ந்தவங்களுக்குத் தனி வழி இருக்குன்னு லாயர் சொன்னாங்க. சொந்தம்னு யாரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"அவ்வளவுதான். சரி. வீட்டு வேலை செஞ்சேன்னு எழுதியிருக்கியே, அது?"

அவள் பானையைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். "சும்மா தங்கினேன்னு எழுதினா நீங்க வளர்த்ததா ஆயிடும்னாங்க."

"நான் வளர்க்கலையா?"

பானை கொதித்துத் தெறித்தது. அடுப்பைத் தணித்துவிட்டு, "எனக்குக் கிடைச்சிருச்சும்மா. மே மாசமே வந்துருச்சு" என்றாள்.

மே மாதம். அதற்குப் பிறகு ஜூனில் நான் ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தேன். அன்றும் வாசலில் மாப்பிள்ளைப் பேச்சு நடந்தது. அன்றும் இவள் சிரித்தாள். தன் காகிதத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். அவளை அறைந்தேன். பதினைந்து வருடத்தில் முதல் அறை அது.

சுவருக்கு அந்தப் பக்கம் மேமே சைமாவுக்கு எல்லாமே கேட்டிருக்க வேண்டும். செருப்புகூடப் போடாமல் வந்து நின்றாள். தாளை வாங்கிப் படித்தாள்.

"எங்க ஜனத்துலயும் அம்மாவோட தங்கச்சி அம்மாதான்டி. உனக்கு மட்டும் எந்த லாயர் வேற மாதிரி சொல்லிக் குடுத்தா?" என்று ஷமிசோவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ போயி அப்பீல் பண்ணு, டீச்சர். நான் வந்து சாட்சி சொல்றேன். உங்க சர்ச்சையே கூட்டிட்டு வர்றேன்."

மேல்முறையீடு போட்டேன். விசாரணைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்த மூன்று வாரமும் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் சமைத்தாள், நான் தனியாக எடுத்துப் போட்டுச் சாப்பிட்டேன். அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். விசாரணைக்கு முந்தின நாள் வந்து நின்றாள். "நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அதிகாரி ஷிலோங்கோ நல்ல மனிதர். நடுத்தர வயது, ஓவம்போக்காரர். எங்களை எதிரெதிரே உட்கார வைத்தார்.

"டீச்சர், உங்க வழக்கம் எனக்குத் தெரியும். எங்க வீட்டுலயும் அதே வழக்கம்தான். ஆனா என் முன்னாடி ரெண்டு தாள் இருக்கு. ஒண்ணுல மகள்னு இருக்கு. இன்னொண்ணுல உறவே இல்லைன்னு இருக்கு. ரெண்டும் நிஜமா இருக்க முடியாது."

நான் என் பையை மடியில் வைத்திருந்தேன். உள்ளே அக்காவின் பிறப்புச் சான்றிதழ், என்னுடையது, எங்கள் அம்மா பெயர் இரண்டிலும்.

"இவங்க உங்க அக்கா பொண்ணுன்னு நீங்க காட்டினா, உங்க அப்பீல் நிக்க வாய்ப்பு இருக்கு" என்றார் அவர். "ஆனா இவங்க சத்தியம் பண்ணினது பொய்னு ஆயிடும். இவங்க பேப்பர் போகும். கேஸும் வரலாம். உறவில்லைன்னு நீங்க ஒத்துக்கிட்டா, நீங்க எழுதினதுதான் பொய். உங்க ஃபைலை இன்னியோட மூடிடுவேன். மறுபடி நீங்க போட முடியாது."

ஷமிசோவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் பையைப் பார்த்தாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். என் முகத்தை ஒருமுறை பார்த்திருந்தாலும் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும், டீச்சர்?"

"ஒண்ணும் இல்ல" என்றேன். "எங்க வீட்டுல தங்கியிருந்தா. வேற உறவு எதுவும் இல்ல."

பாசத்தில் விட்டுக்கொடுத்தேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பாசமும் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றவளுக்கும் எனக்கும் ஒரே ரத்தம் என்று ஒரு மேசை முன்னால் தாள் தாளாக எடுத்து வைத்து, என் பிள்ளையை நான் ஜெயித்து வாங்க வேண்டுமா? அதைவிட டிசம்பரில் பெட்டியைக் கட்டுவது மேல் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டேன். ஷிலோங்கோ தலையைத் தூக்காமல் முத்திரை குத்தினார்.

ஷமிசோ எழுந்தாள். அவரைப் பார்த்துத் தலைகுனிந்தாள். பிறகு என்னைப் பார்த்து, அவர் காதில் விழும்படி, தெளிவாகச் சொன்னாள்.

"தேங்க்ஸ், ஆன்ட்டி."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அதிகாரி முன்னால் அப்படித்தான் சொல்ல வேண்டும், கெட்டிக்காரி. படியிறங்கினேன். அவள் பின்னாலேயே வந்தாள். கண்ணாடிக் கதவு எங்கள் பின்னால் மூடிக்கொண்டது.

"அம்மா, மெதுவாப் போங்க. டாக்சி புடிக்கலாம், எனக்குப் பசிக்குது."

ஒரு கதவைத் தாண்டுவதற்குள் நான் மறுபடி அம்மாவாகிவிட்டேன். அவளுக்கு அது அவ்வளவு சுலபமாக இருந்தது. நான் நடையை நிறுத்தவில்லை.

"அம்மா!"

தெருவில் இரண்டு மூன்று பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை.