பியானோவை ஒட்டி நின்றவன்

டெட்ராயிட் பார்களில் இருபது வருஷம் பியானோ வாசித்த பிறகுதான், அர்டெல்லா டிப்ஸ் பெயரில் ஓர் ஆல்பம் போட ஒரு கம்பெனிக்கு மனசு வந்தது. பியானோ, ஆளுயரத் தந்திவாத்தியமான பேஸ், டிரம்ஸ் என மூன்றே பேர். பேஸ் வாசிக்க யார் என்று கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. ஹாலிஸ் கிராண்டிதான். குடித்தவர்கள் அடித்துக்கொண்டு நாற்காலிகள் பறந்தபோதும் தாளம் பிசகாமல் அவள் பக்கத்தில் நின்றவன்.

ஸ்டுடியோவில் முதல் பாட்டே இடறியது. அவள் முன்வாசிப்பை முடித்தும் ஹாலிஸ் உள்ளே வரவில்லை. வந்தபோது பிந்தி வந்தான். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே கதி.

“என்னண்ணே, மதியம் பொரிச்ச மீனை ஒரு கட்டு கட்டிட்டீங்களா? கை எழும்ப மாட்டேங்குதே!” என்றான் டிரம்ஸ் வாசிக்கும் டெல்மர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஹாலிஸ் சிரித்தான். அர்டெல்லாவுக்குச் சுருக்கென்றது.

கண்ணாடி அறையிலிருந்து கம்பெனிக்காரர் வாஸ் வெளியே வந்தார். “மிஸ் டிப்ஸ், வேற ஆளுக்குப் போன் போடட்டுமா?”

“கொஞ்சம் பொறுங்க.”

அவள் ஹாலிஸின் முதுகுப் பக்கம் போய் நின்றாள். “ஹாலிஸ், உன் கோட்டுல தீப்பிடிச்சிருக்கு.”

அவன் திரும்பவில்லை. முன்னால் வந்து அவன் கையைப் பிடித்தாள்.

“எப்பலேருந்துடா?”

அவள் உதடுகளையே பார்த்தவன் தலையைக் குனிந்துகொண்டான். “போன குளிர்காலத்துலேருந்து. இடது காது போயிடுச்சு. வலதுல ஏதோ கொஞ்சம் மிச்சமிருக்கு. கிளப்புல உன்னை உரசிக்கிட்டு நிப்பேன், சமாளிச்சேன். இங்க எங்கேயோ மூலையில நிறுத்திட்டாங்க.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா கூப்பிட்டிருப்பியா?”

“கூப்பிட்டு வச்சுத் திட்டியிருப்பேன்.”

அவளே அவனைப் பேஸோடு பியானோவின் பக்கத்துக்கு இழுத்துவந்தாள். பேஸின் தோள் பியானோ மரத்தில் சாயும்படி அவனை நிறுத்தினாள்.

“ரெண்டு சத்தமும் மைக்குல ஒண்ணோடொண்ணு கலந்துடும்மா” என்று பதறினார் வாஸ்.

“கலக்கட்டும். இத்தனை வருஷமா கலந்துதான் கிடக்கு.”

மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தாள். ஹாலிஸ் கண்ணை மூடி, பேஸின் கழுத்தில் தாடையை வைத்துக்கொண்டான். அவள் தொட்ட ஒவ்வொரு கட்டையும் மரத்தின் வழியாக அவன் எலும்புக்குள் இறங்கியது. இந்த முறை அவன் சரியான இடத்தில் உள்ளே வந்தான். டெல்மர் குச்சிகளை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல், மென்மையாக வாசிப்பதற்கான கம்பி பிரஷ்களை எடுத்துக்கொண்டான்.

பாட்டு முடிந்ததும் ஒலிபெருக்கியில் வாஸ் ஏதோ சொன்னார். ஹாலிஸ் அவள் முகத்தைப் பார்த்தான். “என்னவாம்?”

“அடுத்ததுக்குப் போலாமாம்.”

வசந்தத்தில் ஆல்பம் வந்தது. சத்தங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடப்பதாக ஒரு பத்திரிகை குறை சொன்னது. பெரிதாக ஒன்றும் விற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஹாலிஸ் நேராக அர்டெல்லா வீட்டுக்கு வந்தான்.

“ஸ்பீக்கர்ல கையை வச்சு முழுசையும் கேட்டேன். மூணாவது பாட்டுல ஒரு இடத்துல நான் அவசரப்பட்டிருக்கேன்.”

“தெரியும்” என்றாள், அவனுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே. பிறகு நிமிர்ந்து, அவன் உதடுகளைப் படிக்கும்படி நிதானமாகச் சொன்னாள்: “எனக்கு அது பிடிச்சிருந்துது. அதான் வெட்ட விடல.”