குடியிருந்ததற்கு அத்தாட்சி

டைல்ஸ்காரருக்கு அந்த யோசனையைக் கொடுத்தது அவருடைய மச்சான்தான். மனைவியின் தம்பி, ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உதவியாளர். வரி என்ற சொல்லைக் கேட்டால் ஊரில் எல்லோருக்கும் முகம் சுருங்கும். அவனுக்கு மட்டும் மலரும்.

“மாமா, ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் தரை போட்டுக் குடுத்துட்டு கூலிய வாங்கிட்டு வர்றீங்க. உங்களுக்குன்னு ஒரு வீட்ட நீங்களே கட்டுங்க. ரெண்டு வருஷம் குடியிருங்க. அப்புறம் வித்துடுங்க. சொந்தமா குடியிருந்த வீடுன்னா, வர்ற லாபத்துக்கு வரியே கிடையாது.”

“துளிகூடவா?”

“துளிகூட. ஒரே கண்டிஷன், குடியிருக்கணும்.”

அந்தக் கடைசி வார்த்தை மட்டும் டைல்ஸ்காரரின் காதில் ஏறவில்லை.

மனை வாங்கியதும் முதலில் பின்பக்கம் தகரக் கொட்டகை ஒன்று எழுந்தது. சிமெண்டு மூட்டைகள் ஒரு பாதி, குடும்பம் மறு பாதி. அவரும் மனைவியும் மகளும் அதற்குள்ளேயே சமைத்து, சாப்பிட்டு, சண்டை போட்டுக்கொண்டு வீட்டைக் கட்டினார்கள். கொத்தனார் ஒருவரைத் தவிர வெளியாள் கிடையாது. மனைவி ஜல்லி சுமந்தாள், மகள் கல்லூரி விட்டு வந்து சுவருக்குத் தண்ணீர் அடித்தாள். தரையை மட்டும் டைல்ஸ்காரர் யாரையும் தொட விடவில்லை. போட்டு முடித்த அன்று கன்னத்தைத் தரையோடு வைத்து, ஒற்றைக் கண்ணால் மட்டம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

மனைவி அடுப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் வாசலிலேயே மறித்தார்.

“எங்க கொண்டு போற?”

“சமையல்கட்டுக்கு. வேற எங்க, படுக்கையறைக்கா?”

“தாளிச்சா சுவரெல்லாம் மஞ்சளாயிடும். வாங்கறவன் மூஞ்சியச் சுளிப்பான். ரெண்டு வருஷம்தானே, கொட்டகையிலயே சமைச்சுடேன்.”

சமையல் கொட்டகையிலேயே நின்றது. பின்னாலேயே குளியலும் அங்கே போனது, கண்ணாடியில் உப்புக்கறை படியுமாம். கட்டில் போட்டால் தரையில் கீறல் விழுமாம். ஆக, இரவில் மட்டும் மூவரும் கால் கழுவித் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் போய்ப் பாய் விரித்துப் படுத்தார்கள். விடிந்ததும் பாயைச் சுருட்டி எடுத்து வந்தார்கள். விருந்துக்குப் போன வீட்டில்கூட மனைவி அவ்வளவு அடக்கமாக இருந்ததில்லை. “சுவத்துல சாயாதே!” என்று அவர் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

இரண்டு வருஷம் முடிந்தது. மருந்துக்கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். “நேத்துதான் கட்டி முடிச்ச மாதிரி இருக்கே!” என்று வாயைப் பிளந்தார். பேசிய விலையில் டைல்ஸ்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மச்சான் வரிவிலக்குக்கு விண்ணப்பம் போட்டான். குடியிருந்தது உண்மைதானா என்று பார்க்க வரி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்தார்.

டைல்ஸ்காரர் அவரையும் வாங்க வந்தவர் மாதிரியே வரவேற்றார்.

“பாருங்க மேடம், அடுப்பு மேடை. ஒரு கறை இருக்கா? ஒரு சொட்டு எண்ணெய் பட்டதில்ல.”

“ஒரு சொட்டுகூடவா?”

“சத்தியமா மேடம். இங்க பாருங்க, குளியலறைக் குழாய். ஒட்டி வந்த பிளாஸ்டிக்கக்கூட நான் பிரிக்கல. அலமாரி பாருங்க, புது மரவாசனை அப்படியே இருக்கு.”

அதிகாரியம்மா அலமாரியைத் திறந்து பார்த்தார். வாசனையைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை. கூடவே வந்திருந்த மச்சான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று வாயில் விரல் வைத்துக் காட்டினான். வாசனை பிடிக்கச் சொல்கிறான் போலிருக்கிறது என்று நினைத்த டைல்ஸ்காரர், “நீங்களும் மோந்து பாருங்க மேடம்” என்றார்.

“சார், இந்த வீட்டுல யாரு குடியிருந்தாங்க?”

“நாங்கதான்!”

“நீங்க சொல்றதப் பாத்தா யாருமே குடியிருந்த மாதிரி தெரியலையே?”

டைல்ஸ்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. அந்த வேர்வை தரையில் சொட்டாமல் கையால் ஏந்தினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

“நீங்க இப்படி வாங்க மேடம்” என்று மனைவி அதிகாரியம்மாவைப் பின்பக்கம் அழைத்துப் போனாள். கொட்டகையில் அடுப்பில் குழம்பு கொதித்தது. கொடியில் துணி காய்ந்தது. மகளின் புத்தகங்கள், தையல் மிஷின், சுவரில் காலண்டர், மூலையில் பாதி பிரித்த வெங்காய மூட்டை. தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

“பாத்தீங்களா? நாங்க இங்கதான் இருக்கோம், எங்கயும் போகல” என்றாள் மனைவி.

அதிகாரியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்து முடித்தார். “காபி நல்லாருக்கு. நீங்க பொய் சொல்லலைன்னும் தெரியுது. ஆனா நீங்க குடியிருந்தது இந்தக் கொட்டகையில. இதை வித்தீங்கன்னா லாபத்துக்கு வரி கிடையாது. அந்த வீட்டுக்கு உண்டு.”

“ராத்திரி அங்கதான் மேடம் தூங்கறோம்!” என்றார் டைல்ஸ்காரர்.

“தூங்கினா மட்டும் போதாது சார். வாழணும். வேணும்னா இன்னைலேர்ந்து குடியேறுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வர்றேன்.”

மருந்துக்கடைக்காரர் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டேன் என்று வேறு வீடு பார்த்துக்கொண்டார். அன்று சாயங்காலமே அடுப்பு உள்ளே போனது. மனைவி முதல் வேலையாக மீன் வறுத்தாள். வேண்டுமென்றேதான். டைல்ஸ்காரர் ஈரத்துணியோடு வாணலிக்குப் பக்கத்திலேயே நின்றார். எண்ணெய் தெறித்த இடத்தையெல்லாம் துடைக்கப் போய், கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

கொஞ்ச நாளில் வேலைக்குப் போன இடத்தில் முழங்கால் பிசகி, அவர் வீட்டோடு கிடக்க வேண்டியதாயிற்று. எல்லாத் தரைகளையும் மண்டிபோட்டே பார்த்த மனிதர், முதல்முறையாகப் படுத்துக்கொண்டு ஒரு வீட்டைப் பார்த்தார். பார்க்கப் பார்க்கக் குறைகளாகக் கண்ணில் பட்டன. சமையலறை விளக்கின் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருந்தது; மனைவி ஒவ்வொரு தடவையும் உள்ளே போய், கதவைச் சாத்தி, இருட்டில் தடவித்தான் அதைப் போட்டாள். குளியலறையில் தண்ணீர் துவாரத்துக்குப் போகாமல் வாசலுக்கு ஓடி வந்தது. ஊர் முழுக்கத் தண்ணீர் வாட்டம் பார்த்துக் கொடுத்தவர் அவர்!

“இதை ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்றதுக்கு நீங்க எங்க உள்ள விட்டீங்க?”

அவர் கால் சரியானதும் குளியலறைத் தரையை, தான் கன்னம் வைத்துப் பார்த்த அதே கைவேலையை, தானே உடைத்தார். மகள் ஓடி வந்து, “அப்பா, காய்ச்சலா?” என்று கேட்டாள். சுவிட்சைக் கதவுக்கு இந்தப்புறம் மாற்றினார். மனைவி வெளியே நின்றபடியே விளக்கைப் போட்டாள். அணைத்தாள். மறுபடி போட்டாள். அன்று அவருக்கு மட்டும் மீன் துண்டு ஒன்று கூடுதலாக விழுந்தது.

அதிகாரியம்மா சொன்னபடியே இரண்டு வருஷம் கழித்து வந்தார். செருப்பு ஸ்டாண்டைத் தாண்டி, காயப்போட்ட துணியை விலக்கி, சோபாவில் மகளின் புத்தகத்தை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். இம்முறை எதையும் திறந்து பார்க்கவில்லை. வீட்டைப் பிறகு ஒரு டெய்லர் தம்பதி வாங்கினார்கள். மருந்துக்கடைக்காரர் சொன்ன விலை வரவில்லை; வந்த லாபத்துக்கு வரியும் வரவில்லை. சாவி கொடுக்கும்போது டைல்ஸ்காரர், “குளியலறையில தண்ணி நல்லா ஓடும், குளிச்சுப் பாருங்க” என்று வற்புறுத்த, மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

இப்போது அடுத்த மனை. போன வாரம் மச்சான், அடுத்த விற்பனைக்கான கணக்கோடு அங்கே போய்ச் சேர்ந்தான். காலி மனையின் நடுவில் அவன் அக்கா அடுப்பு, பாத்திரம் எதுவும் இல்லாமல் வெறுங்கையால் சமைத்துக்கொண்டிருந்தாள். இங்கே நறுக்கினாள், திரும்பி அங்கே கழுவினாள். அவள் கால் பட்ட இடத்திலெல்லாம் டைல்ஸ்காரர் குனிந்து சுண்ணாம்பால் கோடு போட்டார்.

“மாமா, இந்தத் தடவை எப்போ விக்கறதா உத்தேசம்? தேதி தெரிஞ்சா நான்...”

“அதெல்லாம் அப்புறம்” என்றார் டைல்ஸ்காரர், நிமிராமலே. “நீ கொஞ்சம் அந்த மூலையில போய் நில்லு. உங்கக்காவுக்கு இடிக்குதான்னு பாக்கணும். நீதான் ஃபிரிட்ஜ்.”